நான்காம் கபானாவின் துவாய்

குளியல் துவாயில் மூன்று முடிச்சுகள் இருந்தன.

நேற்று, விடுதி அறைகளைத் துப்புரவாக்கும் நிஸ்மியா அதை டொல்பின்போல மடித்து, இரண்டு மிளகைக் கண்ணாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்று காலை பூட்டைத் திறந்தால், நான்காம் கபானாவின் கட்டில் நடுவே அது ஒன்றரை முழ நீளத்துக்குச் சுருண்டு, தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று கட்டப்பட்டுக் கிடந்தது. ஏசிக் குளிரில் ஈரமணலும் கற்பூரமும் மணத்தன.

ஊரில் மவுத்தான பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடிச்சிடுகிறவள் அவள். தன் கை முடிச்சு அவளுக்குத் தெரியாதா? பதினொரு வருசத்துக்கு முன், பிறந்த அன்றே, பாலுக்கு அழக்கூட நேரமில்லாமல் போன மகளுக்கு அவளே போட்ட முடிச்சு. கப்ருக்குள் வைத்ததும் அதை அவிழ்த்துவிட வேண்டும். அன்றைய மழையில் குழிக்குள் தண்ணீர் ஏற, ஆம்பிளைகள் அவிழ்க்காமலே மூடிவிட்டார்கள்.

மகள் அடங்கிய அந்த மையவாடியைத்தான் புல்டோசர் விட்டு மட்டமாக்கி, கற்பிட்டிக் கடலைப் பார்த்தபடி ஏழு கபானாக் குடில்கள் கட்டினார்கள். கப்ருகளின் மீஸான் கற்களில் நின்றுதான் இப்போது வெள்ளைக்காரர் கால்மணல் கழுவுகிறார்கள். ஊராருக்கு வேலிக்கு வெளியேதான் இடம். மகளுக்கு ஒரு ஸலாம் சொல்ல வேண்டுமென்றால் கக்கூஸ் கழுவ வரவேண்டும். வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று வருசம்.

“ராத்தா! டொல்பின் பாக்கப் போன படகு திரும்பப் போவுது. இன்னும் ரூம் சரியில்லையா?” வாசலில் மெனேஜர் ஸப்ரான். “இதென்ன, இடியப்பப் பொட்டலமா?”

“தொடாதீங்க சேர். கீழ என்ட புள்ள இரிக்கி.”

“திரும்பவும் அந்தக் கதையா? எலும்பெல்லாம் எடுத்தாச்சி.”

“எடுத்து எங்க வச்சீங்க?”

அவன் முகம் கறுத்தது. “நாளையில இருந்து நீங்க கேட்டுக்குள்ள வர வாணாம்.”

அவ்வளவுதான். இனி ஸலாமும் இல்லை. நிஸ்மியா கட்டிலைவிட்டு விலகி நின்றாள்.

“அப்ப நீங்களே அவுருங்க. மூணையும்.”

தலைமாட்டு முடிச்சை இழுத்தான். வெளியே அலைச் சத்தம் நின்றது.

இடுப்பு முடிச்சு. தளக்கல்லுக்கு அடியில் ஏதோ சுரண்டியது.

கால்மாட்டு முடிச்சு.

உள்ளே ஈரமணல். வெறும் மணல். ஸப்ரான் சிரித்தான்.

மணல் தாழ்ந்தது. உயர்ந்தது. மறுபடி தாழ்ந்தது.

தரைக்கடியில் ஒரு பிள்ளை அழுதது. பசி அழுகை. நிஸ்மியாவின் சட்டை நெஞ்சில் நனைந்தது. தொட்டுப் பார்த்தாள். பால்.

ஸப்ரான் வாசலுக்குப் பாய்ந்தான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மற்ற ஆறு கபானாக்களின் வெள்ளைக் கட்டில் விரிப்புகள், ஆள் உயரத்தில், அவனைப் பார்த்தபடி, இறந்தவரை முன்னால் வைத்து ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை கட்டியதுபோல் தோளோடு தோள் ஒட்டி நின்றன.