குண்டூசி பிரித்த சமையலறை

"வெண்ணெயை எண்ண முடியுமா?" என்று ஆங்கில ஆசிரியை கேட்டார்.

"முடியாது!" என்று வகுப்பே கூவியது.

"முட்டையை?"

"முடியும்!"

"பட்டாணியை?"

இம்முறை பாதி வகுப்பு முடியும் என்றது. மறுபாதி முடியாது என்றது. கடைசி வரிசையில் இருந்த ஒருவன் மட்டும், "பசிக்குது டீச்சர்" என்றான்.

ஆசிரியை சிரித்துக்கொண்டே கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் எண்ணக்கூடிய பொருள்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'மெனி' என்ற சொல் வரும். வலப்பக்கம் எண்ண இயலாத பொருள்கள். அவற்றுக்கு 'மச்' என்ற சொல் வரும். ஆப்பிளும் முட்டையும் பட்டாணியும் இடப்பக்கம் போய் அமர்ந்தன. பால், வெண்ணெய், சர்க்கரை, அரிசி ஆகியவை வலப்பக்கம் சென்றன. இறுதியாக, வலப்பக்கத்தின் அடியில் 'பிரெட்' என்று எழுதினார்.

உடனே ஒரு மாணவி துள்ளி எழுந்தாள். ஒல்லியான உடம்பு, கூரிய பார்வை, குத்துவது போன்ற கேள்விகள். இம்மூன்றும் சேர்ந்து அவளுக்குக் குண்டூசி என்ற பட்டப்பெயரைப் பெற்றுத் தந்திருந்தன.

"டீச்சர், பிரெட்டை எண்ணலாமே! காலையில நான் மூணு தின்னேன், என் தம்பி நாலு தின்னான். எண்ணித்தானே சண்டையே போட்டோம்!"

"நீ தின்னது பிரெட் துண்டு. துண்டை எண்ணலாம், பிரெட்டை எண்ணக் கூடாது" என்றார் ஆசிரியை.

"அப்போ வெட்டாத முழு பிரெட்?"

"அதையும் இங்கிலீஷ்ல நேரா எண்ண மாட்டாங்க."

"ஏன் டீச்சர்? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

ஆசிரியை வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. "திங்கக்கிழமை பேசலாம்மா. அதுக்குள்ள எல்லாரும் உங்க வீட்டுச் சமையலறையில இருக்கிற பொருளை எல்லாம் இதே மாதிரி ரெண்டாப் பிரிச்சிட்டு வாங்க. ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லணும்."

மற்றப் பிள்ளைகள் அதனை மனத்துக்குள் பிரித்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டூசியோ சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு நல்ல வாய்ப்பு அமைந்தது. அப்பாவுக்கு அன்று வேலை நாள். அம்மா, கேக் வைக்கும் அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வீட்டிலேயே கேக் செய்பவர். அதுவரை உறவினர்களுக்கு மட்டுமே செய்து கொடுத்திருந்தார். இப்போதுதான் முதன்முறையாக வெளியாள் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தெருமுனையில் இருக்கும் பல் மருத்துவர். மருத்துவமனை தொடங்கி ஓராண்டு ஆயிற்றாம்; மாலை நான்கு மணிக்கு வந்து கேக்கை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"பல் டாக்டரே ஊருக்குக் கேக் கொடுக்கறாங்களா? தொழில் பெருகிடும்!" என்று அப்பா அப்போதே கேலி செய்திருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேக் நன்றாக அமைந்தால் தாம் ஒரு கேக்குக்காரர் என்று துணிந்து சொல்லிக்கொள்ளலாம். அமையாவிட்டால் என்ன செய்வது என்ற கவலையிலேயே இரண்டு நாள்களாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மாவு, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றை முந்திய நாளே அளந்து மேசைமேல் மூடி வைத்துவிட்டார்.

அம்மாவின் தலை மறைந்ததும் குண்டூசி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அலமாரியில் ஒரே அளவுள்ள டப்பாக்கள் வரிசையாக நின்றன. எதன்மேலும் பெயர் எழுதியிருக்கவில்லை. கேட்டால், "எது எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்" என்பார் அம்மா.

"டேய் பொட்டலம், இங்க வா! நான் எடுத்துத் தரேன், நீ பிடிச்சுக்கோ."

பொட்டலம் அவளுடைய ஆறு வயதுத் தம்பி. கைக்குழந்தையாக இருந்தபோது எந்நேரமும் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததால் அவனுக்கு அப்பெயர்.

"எண்ண முடியறது எல்லாம் இடது பக்கம். எண்ண முடியாதது எல்லாம் வலது பக்கம். புரியுதா?"

"புரியுது. அரிசி இடது பக்கம்."

"இல்லடா, வலது பக்கம்."

"எண்ணலாமே அக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எண்ணக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. பட்டாணியைத்தான் எண்ணணும்."

"பட்டாணிய எண்ணலாம், அரிசிய எண்ணக் கூடாதா? யார் திட்டுவாங்க?"

குண்டூசி யோசித்தாள். யார் திட்டுவார்கள் என்பது அவளுக்கும் தெரியவில்லை. "இங்கிலீஷ் திட்டும்" என்று சொல்லி வைத்தாள்.

அந்நேரம் பார்த்து, முட்டைத் தட்டைத் தூக்கிய பொட்டலம் சற்றே சாய்ந்தான். மூன்று முட்டைகள் உருண்டு தரையில் விழுந்து உடைந்தன. மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகக் கலந்து குளம் போலப் பரவின.

இருவரும் குனிந்து அதனைப் பார்த்தார்கள். பிறகு பொட்டலம் மெல்லக் கேட்டான்: "அக்கா, இப்போ இது எந்தப் பக்கம்?"

சற்று முன்பு வரை அதனை எண்ண முடிந்தது. இப்போது எண்ண முடியவில்லை. குண்டூசிக்குத் தலை சுற்றியது. "இது துணி பக்கம். போய்த் தரை துடைக்கிற துணிய எடுத்துட்டு வா!"

அம்மா திரும்பி வந்தபோது தரை காய்ந்திருந்தது. அலமாரியும் இரண்டாகப் பிரிந்திருந்தது. அம்மா பார்த்ததும் அசந்துபோவார் என்று குண்டூசி காத்திருந்தாள். அம்மாவோ பரபரப்பில் அலமாரியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் வெளிய போய் விளையாடுங்க. என் கால்ல மாட்டாதீங்க" என்று விரட்டிவிட்டு, முட்டையை அடிக்கத் தொடங்கினார்.

பசி எடுத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் வந்தபோது சமையலறையில் பேச்சுமூச்சு இல்லை. மேசைமேல் கேக் இருந்தது. அதனைக் கேக் என்று சொல்வதற்கு வாய் கூசும். தோசைக்கல்லின் கனத்தில், நடுவில் சற்றே குழிந்து, தட்டையாகப் படுத்திருந்தது.

"யாராவது அது மேல உக்காந்துட்டாங்களா?" என்று பொட்டலம் கேட்டான்.

அம்மா எழுந்து போனார். அடுப்பின் கதவைத் திறந்தார், மூடினார், மீண்டும் திறந்தார். "சூடு சரியாத்தான் இருக்கு. முட்டையும் நல்ல முட்டைதான். போன வாரம் இதே மாதிரி செஞ்சது பூ மாதிரி வந்துச்சே. இன்னிக்கு ஏன் எழும்பல?"

"நான் வாசல்ல குதிச்சேன். அதனாலயா?" என்றான் பொட்டலம் பயந்துபோய்.

"வாசல்ல குதிச்சா கேக் எப்படிடா விழும்?"

அம்மா நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "எனக்கு இந்த வேலை ஒத்துவராது. டாக்டருக்குப் போன் பண்ணி, வேற எங்கயாவது வாங்கிக்கோங்கன்னு சொல்லிடறேன்" என்று தொலைபேசியை எடுத்தார்.

குண்டூசி அந்தத் தட்டைக் கேக்கையே உற்றுப் பார்த்தாள். போன வாரம் எழுந்தது. இந்த வாரம் எழவில்லை. அதே அம்மா, அதே அடுப்பு, அதே மாவு. அப்படியானால் மாறியது எது?

அவளுடைய பார்வை மெதுவாக அலமாரியின் மீது சென்றது.

"அம்மா, பேக்கிங் பவுடரை எங்கேர்ந்து எடுத்த?"

"எப்பவும் எடுக்கிற இடத்துலேர்ந்துதான். ரெண்டாவது தட்டுல ஓரத்து டப்பா. ஏன்?"

இப்போது ஓரத்து டப்பாவில் என்ன இருக்கிறது என்று குண்டூசிக்கே நிச்சயமில்லை. வெள்ளைப் பொடி எல்லாம் எண்ண முடியாதவை என்று சொல்லி, அனைத்தையும் அவளே தூக்கி வலப்பக்கம் அடுக்கியிருந்தாள். டப்பாக்களைப் பேசாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்களை அழுத்திக்கொண்டிருந்தார்.

"போன வைம்மா! உன் மேல தப்பே இல்ல. ரெண்டு நிமிஷம் பொறு!"

அவள் இரண்டு கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றினாள். புதிதாக வாங்கும் பேக்கிங் பவுடரை அம்மா அப்படித்தான் சோதித்துப் பார்ப்பார்; கேக்கை எழும்ப வைக்கும் நல்ல பொடி என்றால் நுரைக்கும். ஓரத்து டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியை எடுத்து முதல் கிண்ணத்தில் போட்டாள். அது கஞ்சி போலக் கெட்டியாகித் திரண்டுகொண்டது. அதற்கு அடுத்திருந்த டப்பாவிலிருந்து எடுத்து இரண்டாம் கிண்ணத்தில் போட்டாள். புஸ்ஸென்று நுரை பொங்கி எழுந்தது.

"நீ போட்டது சோளமாவும்மா" என்றாள் குண்டூசி. "நான்தான் காலையில எல்லாத்தையும் இடம் மாத்தினேன். எண்ண முடியறது ஒரு பக்கம், முடியாதது ஒரு பக்கம்னு. நீ பாத்துச் சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

அம்மா அலமாரியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நுரைக்கும் கிண்ணத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கோபம் வந்து பாதி வழியில் நின்றுவிட்டது போலத் தோன்றியது. "அப்போ என் கை கெட்டுப்போகலையா?" என்று கேட்டார்.

"கை நல்லாத்தான் இருக்கு. அலமாரிதான் கெட்டுப்போச்சு."

"வாயப் பாரு! உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். இப்போ முட்டை எத்தனை இருக்கு?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுல இன்னொரு கதை இருக்கு" என்றான் பொட்டலம்.

அடுத்த நிமிடமே குண்டூசி மாடிப்படிகளில் தாவி ஏறினாள். மாடி வீட்டில் சுவருக்குச் சாயம் பூசும் பெயிண்டர் மாமா குடியிருந்தார்.

"மாமா, முட்டை இருக்கா? அம்மா கேட்டாங்க."

"இருக்கே. எத்தனை வேணும்?"

"மூணு. அப்புறம் கொஞ்சம் வெண்ணெயும்."

"எவ்வளவு?"

குண்டூசி சிலை போல நின்றாள். "மாமா, முட்டைக்கு எத்தனைன்னு கேட்டீங்க. வெண்ணெய்க்கு ஏன் எவ்வளவுன்னு கேட்டீங்க?"

"பின்ன எப்படிக் கேக்கறது? எவ்வளவு முட்டைன்னா கேப்பாங்க? உனக்கு என்னாச்சு, வெயில்ல சுத்துனியா?"

"எத்தனை பட்டாணி... எவ்வளவு அரிசி..." என்று முணுமுணுத்தாள் குண்டூசி. அவள் பேசப் பழகிய நாள் முதலாகவே இவற்றைச் சரியாகப் பிரித்துத்தான் வந்திருக்கிறாள்! அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "எத்தனை பிரெட்... எவ்வளவு பிரெட்... ஐயோ, இது மட்டும் ஏன் மாமா ரெண்டு பக்கமும் போகுது?"

"எனக்குப் பெயிண்டுதான் தெரியும். முட்டைய உடைக்காம இறங்கிப் போ, தாயே!"

வீட்டில் மீண்டும் வேலை சூடு பிடித்தது. அலமாரியின் புதுக் கணக்குக் குண்டூசிக்கு மட்டுமே தெரியும். ஆகவே அவள் முக்காலிமேல் நின்றாள். அம்மா கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தாள்.

"மைதா!"

"வலது பக்கம், நடுவுல. இந்தா!"

"சர்க்கரை!"

"வலது பக்கம், மேல. இந்தா!"

"பேக்கிங் பவுடர்!"

குண்டூசி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் போட்டு, நுரை வந்த பிறகே அம்மாவிடம் நீட்டினாள். "ஆமா, இதுதான்."

அடுப்புக்குள் கேக் வேகும்போது மூவரும் கண்ணாடிக் கதவின் முன் தரையில் அமர்ந்து, பழைய தட்டைக் கேக்கைப் பிய்த்துத் தின்றார்கள். மெல்லுவதற்குக் கடினமாக இருந்தாலும் இனிப்பாகவே இருந்தது.

"அக்கா, கேக் எந்தப் பக்கம்?"

"முழுசா இருந்தா எண்ணலாமாம். வெட்டிப் பிச்சிட்டா எண்ண முடியாதாம். புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்போ என் வாயில இருக்கிறது?"

"பேசாமத் தின்னுடா!"

அப்போது அம்மா இருவர் கையையும் இறுகப் பற்றினார். கண்ணாடிக்கு அப்பால் கேக்கின் நடுப்பகுதி மெல்லப் புடைத்தது. பிறகு ஓரமும் எழுந்தது. சிறிது நேரத்தில் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பொன்னிறத்தில் குவிந்து நின்றது. அம்மாவின் பிடி தளரவில்லை.

நான்கு மணிக்குப் பல் மருத்துவர் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்து, "அடேயப்பா! எவ்வளவு அழகா வந்திருக்கு! எப்படிம்மா இவ்வளவு உயரமா எழுந்தது?" என்று வியந்தார்.

"அது ஒரு பெரிய கதை டாக்டர்."

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குப் பிறந்த நாள். அதுக்கும் நீங்களே செஞ்சு தர முடியுமா?"

குண்டூசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து நின்றார்.

"கண்டிப்பாச் செய்யறேன். கேக் செய்யறதுதானே என் வேலை? ஆனா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க டாக்டர். எங்க வீட்டு அலமாரி எப்போ எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது."

"அலமாரியா?" என்றார் மருத்துவர்.

"வெண்ணெயை எண்ண முடியாது, அதனால" என்று குண்டூசி விளக்கினாள்.

"முட்டைய எண்ணலாம். ஆனா கீழ விழற வரைக்கும்தான்" என்று பொட்டலம் மேலும் தெளிவாக்கினான்.

அன்று அவ்வீட்டில் குழம்பாமல் இருந்தவர் மருத்துவர் ஒருவர்தான். அவரும் இப்போது கேக் பெட்டியை அணைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடியே படியிறங்கினார்.