அப்பாவுக்குப் பதினோரு இடம்

பெயர் நீளமாக இருந்தால் வம்பும் நீளம்தான். மலேசியாவின் கிள்ளானில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் திரிபுரசுந்தரி இதைப் புதன்கிழமை கண்டுகொண்டாள்.

கதை சொல்லும் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. வெள்ளிக்கிழமை பரிசளிப்பு. வாணி டீச்சர் கணினியில் பெயர்ப்பட்டியல் செய்து, அதிலிருந்து சான்றிதழ்களை அச்செடுத்திருந்தார்.

சான்றிதழில் அவள் பெயர் இருந்தது. அடுத்து, 'மகள்' என்பதைக் குறிக்கும் ஏ/பி இருந்தது. அதோடு சரி. யாருடைய மகள் என்று இல்லவே இல்லை!

அப்பா தம்புசாமி போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். பள்ளி விழாவுக்காக முதன்முறையாக லீவு எடுத்திருந்தார். அவர் வந்து இதைப் பார்த்தால்? சுந்தரிக்கு அழுகை முட்டியது.

பட்டியலில் ஒரு பெயருக்கு இருபது ஆங்கில எழுத்துதான் இடம், மிஞ்சினால் வெட்டிவிடும் என்றார் டீச்சர். சுந்தரி என்று சுருக்கினாலும் அப்பா பெயர் 'தம்புசா'வோடு நின்றுவிடுமாம்.

சுந்தரி திரையையே பார்த்தாள். பெயர்கள் மெல்ல அசைந்தன. அமைதியான கடலில் ஒரே அளவுக் கண்டெய்னர்கள் மிதந்தன. தோழி ஏமியின் பெட்டியில் பதின்மூன்று எழுத்துகள் கதவோரம் காலை நீட்டிப் படுத்திருந்தன. மீதி இடத்தில் காற்று உலாவியது. சுந்தரியின் பெட்டியிலோ எழுத்துகள் முட்டி மோதின. கரையில் அப்பாவின் பத்து எழுத்துகள் கைகட்டி நின்றன.

"நடுவுல விடற இடத்தோட எனக்குப் பதினொன்னு வேணும்," என்று பக்கத்தில் நின்ற ஏமியிடம் முணுமுணுத்தாள்.

"என்னோட ஏழு காலியா இருக்கு, எடுத்துக்கோ லா," என்றாள் ஏமி. "நைஜலோடது அஞ்சு. அவன் என் தம்பிதானே, நான் சொன்னா கொடுப்பான்."

சுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"டீச்சர், எல்லாருக்கும் ஏன் ஒரே அளவுப் பெட்டி? உள்ள எத்தனை எழுத்துன்னு வெளிய எழுதிட்டு, பெட்டிய அந்த அளவுக்கே வெச்சா என்ன?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கணினியில் அப்படியும் ஒரு வகை உண்டாம். அடையாள அட்டை எண் எல்லாருக்கும் பன்னிரண்டு இலக்கம். அதற்கு ஒரே அளவு சரி. அதே கையோடு பெயருக்கும் இருபது என்று போட்டுவிட்டாராம்.

அங்கேயே மாற்றினார். இனி பெயர் நூறு எழுத்துவரை நீளலாம். சின்னப் பெயருக்குச் சின்ன இடமே போதும். ஆனால் வெட்டுப்பட்ட எழுத்துகள் திரும்பி வரவில்லை. அவற்றைப் பட்டியல் எங்கும் சேர்த்து வைத்திருக்கவில்லை.

தன் பெயரை மட்டும் சரிசெய்துகொண்டு போக சுந்தரிக்கு மனம் வரவில்லை. ஓய்வு நேரத்தில் ஏமியோடு வகுப்பு வகுப்பாகப் போய், பெயர் அறுந்த பதினெட்டுப் பேரிடமும் அப்பா பெயரைக் கேட்டு எழுதி வந்தாள். வாங்கிய நாசி லெமாக் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை அப்பா சான்றிதழை வாங்கி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கடைசிச் சொல்லில் விரல் நின்றது. பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது யாரு தெரியுமா? நான்தான்."