இடம் மாறும் புள்ளி

மாலை நான்கு மணி ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கணவன் கையில் டீ ஆறிக்கொண்டிருக்கும், மாமியார் மடியில் துணி பாதி மடித்தபடி கிடக்கும். தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் மேற்குச் சுவர்ப் பக்கம் சாயும். கல்யாணமான புதிதில் அவளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். மின்விசிறியின் முனகல், குழாய்ச் சொட்டு, அவ்வளவுதான்.

என்ன சத்தம் என்று ஒருநாள் கேட்டே விட்டாள். "உனக்குக் கேக்கலைல்ல, விடும்மா," என்றாள் மாமியார், பாவம் என்கிற குரலில்.

ஒன்பது வருடத்தில் நான்கு கரு கலைந்துவிட்டது. ஐந்தாவது, ஏழாம் மாதம் வரை வந்திருக்கிறது. இது தங்கிவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று மாடிப்படியைக்கூட எண்ணி எண்ணி இறங்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கட்டாயம் தங்கும் என்று மாமியார் அடித்துச் சொன்னாள். அத்தனை உறுதி அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

அவளுக்கு மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கெங்கிருந்தோ வரும் ரத்தத்தைப் படித்து, ஆளுக்கு ஒரு புள்ளியாகத் திரையில் வைப்பார்கள். உறவு நெருங்கினால் புள்ளியும் நெருங்கும். உலகத்து மனிதர் எல்லோரும் சேர்ந்தால் ஒரே கொத்து. இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, ஏற்கெனவே தெரிந்த ஒரு ரத்தத்தையும் வாராவாரம் கூடவே ஓட்ட வேண்டும். அதற்கு ஆள் தேடி யார் அலைவது? ஆறு வருடமாக அவள்தான் கையை நீட்டுகிறாள். ரத்தம் எடுக்கிறவனுக்கு அங்கே கொசு என்று பெயர்.

கர்ப்பமானதும் நிறுத்தியிருக்க வேண்டும். குழந்தையின் மரபணுத் துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கும், கணக்கு கெட்டுப்போகும். ஆனால் நான்கு முறை சொல்லிவிட்டு நான்கு முறை இல்லையென்று சொன்ன வாய்க்கு, ஐந்தாவது முறை சொல்லத் துணிவு வரவில்லை. வயிறு தெரிந்த பிறகும் பழக்கம் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொசு தயங்கித் தயங்கி வந்தான். "கோச்சுக்காதீங்கக்கா. உங்க புள்ளி இடம் மாறுது. மெஷினைக் கழுவிப் பார்த்துட்டேன். அப்பவும் மாறுது."

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை, கணவனின் ரத்தம் ஒட்டிய சவர பிளேடைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனாள். தன் தலையிலிருந்தும் ஒரு முடியை வேரோடு பிடுங்கினாள். முடி வேரில் குழந்தையின் துணுக்கு கலக்க வழியில்லை. இரண்டையும் இயந்திரத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிறு பிற்பகல் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஸ்பிரிட் வாடையும் குளிர்பெட்டிகளின் ஓயாத உறுமலும், ஜன்னல் வழியே வந்து மேசைக்கடியில் நீண்டு கிடந்த மஞ்சள் வெயிலும், தன் செருப்பின் சரக் சரக்கும் மட்டும்தான் கூட இருந்தன. தன் கடைசி ஏழு மாதத்துப் புள்ளிகளை ஒரே திரையில் போட்டாள்.

முதலாவது, கொத்துக்குள். அடுத்தது ஓரத்தில். அதற்கடுத்தது வெளியே. பிறகு வெறும் வெள்ளையில், ஒரே திசையில், எறும்புச் சாரியாக.

குழந்தையின் துணுக்குதான். அதுதான். வேறென்ன?

கணவனின் புள்ளி விழுந்தது. கொத்தில் இல்லை. எறும்புச் சாரி எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ, அங்கே. தன்னந்தனியாக.

படிக்கிற காலத்தில் மீன்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறாள். மலைக்கு இரண்டு பக்கமும் பிரிந்துபோன கூட்டங்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சேர்த்துவிட்டால் முட்டை தங்காது. இப்படித்தான் ஓர் இனம் இரண்டாகிறது என்று அவளே எழுதியிருக்கிறாள்.

நான்கு தங்கவில்லை. ஐந்தாவது தங்க வேண்டுமானால், இரண்டு பேரில் ஒருவர் மாற வேண்டும்.

முடி. முடி மட்டும் சரியாக இருந்தால் போதும். கொத்துக்குள் வந்துவிடு, வந்துவிடு என்று வாய்விட்டுக் கெஞ்சினாள்.

விழுந்தது. கணவனின் புள்ளியை ஒட்டி.

கைப்பேசி அடித்தது. மாமியார். மணி நான்கு.

"இப்பக் கேக்குதாம்மா?"

இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். குளிர்பெட்டிகளின் உறுமலுக்கு அடியில், சுவருக்கு அப்பால், வெகு தூரத்தில் ஏதோ ஒன்று அவளை அழைத்தது.

"கேக்குது அத்தை."

திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. தலை மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. சட்டைக்கடியில் வயிறு மெல்ல அசைந்து, அதே பக்கம் திரும்பி நின்றது.