தலைகீழாக மாட்டிய திரை

குண்டூசியின் அப்பா அவ்வளவு உயரம். காலையில் செருப்பு மாட்டக் குனிந்தால் நிமிர மத்தியானம் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் செருப்பையே கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு வெகுதூரத்தில் வேலை, கணினித் திரைகள் செய்யும் தொழிற்சாலையில். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். தம்பிக்குக் கண்டதையெல்லாம் கடிக்கும் வயது; ஒரு மவுஸை முக்கால்வாசி தின்றுவிட்டான். அதனால் அப்பா பழைய மானிட்டரைத் தன் நெஞ்சு உயரத்தில் சுவரோடு முடுக்கிவிட்டார்.

அம்மா திரையில் வந்தாலே தம்பி வீறிட்டு அழுவான். தூக்கிக் காட்டினால் விலாங்கு மீனாக நழுவித் தரைக்கு வந்துவிடுவான்.

"என்னை மறந்துட்டானாடி?" என்று கேட்டாள் அம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

குண்டூசி ஸ்டூலிலிருந்து இறங்கி, தம்பியைச் சமாதானப்படுத்தத் தரையில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். கறுத்த பல்லும் வெளுத்த கண்மணியுமாக வேறு யாரோ.

"அம்மா, இங்கேருந்து பார்த்தா நீ பேய் மாதிரி இருக்கே."

"உங்கப்பா சொல்லிக்கொடுத்தாரா?"

"நிஜமாம்மா. பல்லெல்லாம் கறுப்பு."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது பழைய டி.என். வகைத் திரைடி. கீழேருந்து பார்த்தா கறுப்பும் வெளுப்பும் இடம் மாறிடும். நாங்க இங்கே செய்யறது ஐ.பி.எஸ். வகை, எங்கேருந்து பார்த்தாலும் அதே முகம்தான். எனக்குத் தோணவே இல்லையே."

"இதுல மேலேருந்து பார்த்தா?"

"கொஞ்சம் வெளுக்கும். முகம் முகமாத்தான் இருக்கும்."

"அப்போ தலைகீழா மாட்டிடலாமா?"

"நீ இங்கே வந்துடாதே, என் வேலை போயிடும்."

அப்பா நான்கு திருகாணிகளையும் கழற்றி, மானிட்டரைத் தலைகீழாக மாட்டினார். அம்மா வௌவாலாகத் தொங்கினாள். குண்டூசி கணினியில் படத்தைத் திருப்பினாள்.

தம்பி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"ம்மா."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுடி," என்றாள் அம்மா.

அப்பா மட்டும் முகம் சுளித்தார். "மேலேருந்து பார்த்தா இப்போ எனக்குத்தான் பேயா தெரியுறா."

"தரைக்கு வாங்கப்பா."

அப்பா தன்னை மூன்றாக மடித்து உட்கார்ந்தார்.

பேசி முடித்துத் திரை இருண்ட பிறகும் அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உயரமானவர்களுக்கு எழுந்திருக்க நேரமாகும் என்றார்.