மூடியிருந்த ரெகுலேட்டர்

மாலை 6.40. போபோடி வீடு. வேலை முடிந்து வந்த கரோலின், சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள். அப்பா மனுவேல் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். கை சில்லிட்டிருந்தது. பக்கத்தில் டீ டம்ளர், அடியில் வெள்ளைப் பொடி. இதய மாத்திரை அட்டைகள் காலி. போலீசுக்கு போன் செய்தாள்.

7.30. ஊரின் இன்னொரு பகுதியான பாணேரிலிருந்து அண்ணன் கிரேக் வந்தான்.

“நாலு மணிக்கு டீ போட்டது வேலைக்காரி ஷபானா. அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு,” என்றார் இன்ஸ்பெக்டர் ராகவேந்திரா. பெங்களூரில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். “வேற யாரும் வரலையே?”

“நான் காலையில இருந்து ஆபீஸ்ல சார்,” என்றான் கிரேக், அப்பாவின் காலடியில் உட்கார்ந்து.

கரோலின் சமையலறைக்குள் போனாள். வெந்நீர் வைக்கப் பார்த்தாள். அடுப்பு பற்றவில்லை. குனிந்தாள். சிலிண்டர் ரெகுலேட்டர் மூடியிருந்தது.

காலையில் நானே மூடிவிட்டேனோ? இல்லை, நாலு மணிக்கு டீ கொதித்திருக்கிறதே. அப்பாவால் முழங்காலை மடக்க முடியாது. இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி ஷபானாவிடம் போனில் பேசினாள்.

“ரெகுலேட்டரை மூடினியா?”

“இல்ல தீதி. உங்க பாபா தினம் திட்டுவாரு, நான் தினம் மறப்பேன். இன்னைக்கும் மறந்துட்டேன்.”

தப்பிக்க நினைப்பவள் தன் மறதியை இப்படியா ஒப்புக்கொள்வாள்? அப்படியானால் அவளுக்குப் பிறகு வேறு யாரோ அடுப்பைத் தொட்டிருக்கிறார்கள்.

கரோலின் ரெகுலேட்டரைத் திறந்தாள். வெந்நீர் கொதித்தது. அடுப்பை அணைத்து இறக்கி வைத்தாள். அப்போதுதான் கிரேக், 7.30-க்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சமையலறைக்குள் வந்தான். “தண்ணி குடு கரோ,” என்றபடியே குனிந்து ரெகுலேட்டரை மூடினான். மூடியது அவனுக்கே தெரியவில்லை.

பதினாறு வருடமாக, யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கை அங்கேதான் போகும். இதே சமையலறையில் அம்மா தீயில் போனதிலிருந்து.

“நாலு மணிக்கு மேல வந்து ரெண்டாவது டீ போட்டது நீதான் அண்ணே. அப்பவும் இதே மாதிரி மூடிட்டுப் போயிருக்க.”

சமையலறை வாசலில் ராகவேந்திரா நின்றிருந்தார். கிரேக் தன் கையையே பார்த்தான்.

“கேஸ் டியூப் வெடிப்பு விட்டிருக்குன்னு அம்மா மூணு வாரமா சொன்னா. இவரு மாத்தல. இன்னைக்குக் கேட்டேன். ‘அவ கவனமா இருந்திருக்கணும்’னாரு. சொல்லிட்டு, டீ கேட்டாரு.”

8.15. ஷபானாவை விடச் சொல்லி இன்ஸ்பெக்டர் போன் செய்தார். போலீசோடு படியிறங்கும்போது கிரேக் திரும்பினான்.

“நீ சொல்லாம இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம். ஷபானாவோட பொண்ணுங்க ரெண்டும் நம்மள மாதிரியே அம்மா இல்லாம வளந்திருக்கும்.”