பனிசுரண்டிகளுக்கு விடுமுறை

காலை ஆறு மணிக்கு அறிவிப்பு ஒலித்தது.

"வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நூற்று இருபத்தெட்டு பாகை. இயந்திரங்களின் நலன் கருதிப் பனிசுரண்டிகளுக்கு இன்று விடுமுறை. ஓட்டுநர்கள் தங்கள் ஊர்திகளில் படிந்த பனியைத் தாங்களே அகற்றிக்கொள்ளவும்."

செவ்வாயின் வடதுருவக் குடியிருப்பில் இதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. குளிர்காலத்தில் அங்கே காற்றே உறைந்து பொடியாகக் கொட்டும். பேருந்தின் கதவிடுக்கில் கசியும் ஈரமூச்சு அதோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். கொத்தி எடுக்காவிட்டால் கதவு திறக்காது, சக்கரம் சுழலாது. அதற்கென்றே பூமியிலிருந்து பன்னிரண்டு பனிசுரண்டிகள் வந்திருந்தன. நான்கு கைகள், சலிக்காத உழைப்பு. ஆனால் நூற்று இருபதுக்குக் கீழே போனால் அவற்றின் மூட்டு எண்ணெய் கெட்டியாகிவிடும். குடியிருப்பின் சொத்துப் பட்டியலில் உள்ள எதையும் அது தாங்காத குளிரில் வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி.

தெய்வானை ஏழு வருடமாக உயிர்வளி ஆலைக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்பவள். அன்று அவளும் உதவி ஓட்டுநர் அந்தோணியும் காப்புடை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கடப்பாரையோடு வெளியே போனார்கள்.

"அண்ணே, போதும். பின்சக்கரத்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க உள்ள போங்க."

"இன்னும் ரெண்டு இடி தாயி, பேந்து வந்துரும்."

பனி பெயர்ந்து வந்தது. தெறித்த பனிச்சில்லு ஒன்று அவருடைய வலக்கையுறையின் சூட்டுக்கம்பியை அறுத்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. கடப்பாரை தானாகக் கையிலிருந்து நழுவியபோதுதான் தெரிந்தது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பராமரிப்பு அதிகாரி குமாரவேலின் அறைக்குப் போகும் வழியில் தெய்வானை கொட்டகையைப் பார்த்தாள். பன்னிரண்டு பனிசுரண்டிகளும் இதமான சூட்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு கம்பளி.

"அதுகளுக்குப் போர்வையா சார்? எங்க அண்ணன் அங்க ரெண்டு விரல் போயிக் கெடக்காரு!"

"கோபப்படாதம்மா. ஒரு மூட்டு உடைஞ்சா மாத்து பாகம் பூமியிலேர்ந்து வர ரெண்டு வருஷமாகும்."

"விரல் எத்தனை வருஷத்துல வரும்?"

குமாரவேல் கெட்டவரல்ல. தலையைச் சொறிந்தார். "மனுஷங்களுக்கு வெப்ப வரம்புன்னு விதியில எதுவும் இல்லம்மா. எழுதிக் குடு, மேல அனுப்புறேன்."

எழுதிக் கொடுத்தாள். மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று முறை பதில் வந்தது. அதற்குள் மருத்துவமனை அந்தோணிக்கு இரண்டு செயற்கை விரல்களைப் பொருத்தி அனுப்பியது. நரம்போடு இணைந்த நேர்த்தியான உலோக விரல்கள். அவர் அவற்றால் தேநீர்க் குவளையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். தெய்வானைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவது வாரம் குளிர் மறுபடியும் நூற்று இருபத்தாறைத் தொட்டது. இருவரும் காப்புடையோடு வெளிவாசலுக்கு வந்தார்கள். தெய்வானைக்கு உட்கதவு திறந்தது. அந்தோணி நெருங்கியதும் சிவப்பு விளக்கு எரிந்து கதவு மூடிக்கொண்டது. குமாரவேல் ஓடி வந்தார்.

"அவர் போகக் கூடாதும்மா! அந்த ரெண்டு விரலும் குடியிருப்போட சொத்து. பட்டியல்ல எண் போட்டிருக்கு. நூத்தி இருபதுக்குக் கீழ வெளிய கொண்டு போக அனுமதியில்ல."

தெய்வானை அவரையே பார்த்தாள். "அப்போ மிச்ச எட்டு விரலு?"

"அது அவரோட சொந்த விரல்தானே?"

"நான் போலாமா?"

"நீ தாராளமா போகலாம். உன் உடம்புலதான் எங்க சொத்து ஒண்ணும் இல்லையே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பின்னால் வண்டிக்குக் காத்திருந்த இருபத்திரண்டு தொழிலாளர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தெய்வானை தலைக்கவசத்தைக் கழற்றினாள். கையுறைகளைக் கழற்றினாள். காப்புடையை முழுவதுமாக உரித்து, கடப்பாரையோடு சேர்த்து அவர் கைகளில் வைத்தாள்.

"நீங்க போங்க சார். எட்டு மணிக்கு வண்டி ஆலையில நிக்கணும். நீங்களும் மனுஷந்தான?"

குமாரவேல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பேருந்தின் கூரையில் பனி முழ உயரத்துக்கு ஏறியிருந்தது. கடப்பாரையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, கைக்கணினியை எடுத்துச் சொத்துப் பட்டியலைத் திறந்து, அதில் தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.