அறுபத்து நான்காவது ஸ்லைட்

மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு கார்த்திகைக் காலையில் சுமித்திரா நெடுங்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். காட்டோரத்தில் தனியே நின்ற பழைய ஓட்டு வீடொன்றைக் குடிநீர்த் திட்டக்காரர் வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தும், படியேறியதுமே பாசி பிடித்த தண்ணீரின் மணம் முகத்தில் அறைந்தது.

வேலை பெரியதல்ல. பரமலிங்கம் என்ற பொறியியலாளர் மூன்று வருடமாகச் சைக்கிளில் அலைந்து, கைவிடப்பட்ட அறுபத்து மூன்று கிணறுகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருந்தார். எழுதி முடித்த கையோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். எது தலைப்பு, எது பட்டியல், எது படம் என்று வரிக்கு வரி குறியீடு போட்டு, புத்தகம்போலக் கோர்த்த கணினிக் கோப்பு அது. அந்தக் குறியீடுகளை வாசித்து, கிணற்றுக்கு ஒரு ஸ்லைட்டாகத் தானே மாற்றித்தரும் புரோகிராம் ஒன்றைச் சுமித்திரா அக்கராயனில் தன் வீட்டிலிருந்தே எழுதியிருந்தாள். இன்று அதை ஓடவிட்டுக் கொடுத்தால் சரி. இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து விருந்தினர் வருகிறார்கள்.

திட்ட அதிகாரி ஜனார்த்தனன் அவளை இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே மாதிரி ஸ்லைட்டுகளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் கறுத்தது. ஒவ்வொரு கிணற்றின் கடைசி வரிகளிலும் பரமலிங்கம் அயலவர் சொன்னதை எழுதியிருந்தார். யார் விழுந்தது, யாரை எடுத்தது, யாரை இன்னும் எடுக்கவில்லை என்று.

"குடிக்கிற தண்ணிக் கூட்டத்தில செத்தவையின்ர கதை என்னத்துக்கு? எல்லாத்தையும் வெட்டுங்கோ."

எடுக்காமல் கிடப்பவர்களை எடுத்த பிறகுதானே அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், அதற்காகத்தானே அந்த மனிதர் எழுதி வைத்தார் என்று சுமித்திரா கேட்டுப் பார்த்தாள். உன்னால் முடியாவிட்டால் செய்வதற்கு வேறு ஆள் இருக்கிறது என்றார் அவர்.

அவள் வெட்டினாள். விழுந்தார், இறந்தார், எடுக்கவில்லை, காணவில்லை. இந்த நான்கு சொற்களில் ஒன்று வந்தாலும் அந்த வரியைத் தவிர்த்துவிடும்படி புரோகிராமில் சேர்த்து ஓடவிட்டாள்.

வெட்டிய வரிகள், நூற்றுப் பதினெட்டு.

ஸ்லைட்டுகள், அறுபத்து நான்கு.

அவள் எண்ணிப் பார்த்தாள். கிணறுகள் அறுபத்து மூன்றுதான். கடைசி ஸ்லைட்டின் தலைப்பு 'பின்வளவு.' அதன்கீழ் ஒரே வரி.

'முப்பத்தொரு அடி. மேலே பலகை.'

மூலக் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடினாள். இல்லை. ஸ்லைட்டை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் அறுபத்து நான்கு. இப்போது முதல் வரிக்குக் கீழே இரண்டாவது வரியொன்று.

'எங்களை வெட்டினது ஆர்?'

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகல் பதினொரு மணிக்கே அறை மங்கிப் போயிற்று. பாசி மணம் கனத்தது. சமைக்கும் குசினிக்குப் பின்னாலிருந்த வளவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரக் கையால் சிமெந்தில் அறைவதுபோல.

மேலிருந்து அல்ல. கீழிருந்து.

தேத்தண்ணீர் கொண்டுவந்த வீரம்மா கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்தாள். அந்த அலுவலகத்தில் சமைக்கும் பெண் அவள்.

"பிள்ளை, உந்தச் சத்தத்தைக் கேட்டும் கேளாத மாதிரி இருங்கோ. பின்வளவில ஒரு பழங்கிணறு கிடக்கு. சீமெந்துப் பலகை போட்டு மூடினது. நான் பக்கத்து வளவிலதான் தண்ணி அள்ளுறனான்."

சுமித்திரா லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஜனார்த்தனனிடம் போனாள். அவர் அந்த இரண்டு வரிகளையும் படித்துவிட்டு, இதை எழுதியது அவள்தான் என்றார். கூட்டத்தைக் குழப்பப் பார்க்கிறாய், இனி இந்த மாவட்டத்தில் உனக்கு வேலை கிடைக்காது என்றார். பிறகு, கிணறும் இல்லை ஒன்றும் இல்லை என்று காட்டுகிறேன் பார் என்றபடி குடையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

கதவு திறந்ததும் அந்தச் சத்தம் நின்றது.

சுமித்திரா லப்டொப்பை அவர் மேசையில் வைத்தாள். புரோகிராமிலிருந்து அந்த நான்கு சொற்களையும் நீக்கினாள். செத்தவர்களின் வரிகள் அத்தனையும் திரும்பி வரட்டும் என்று ஓடவிட்டாள்.

வெட்டிய வரிகள், பூச்சியம்.

ஸ்லைட்டுகள், அறுபத்து நான்கு.

கடைசி ஸ்லைட்டில் இப்போது எழுத்தே இல்லை. ஒரு படம் இருந்தது. ஆழத்திலிருந்து மேல்நோக்கி எடுத்த படம். சுற்றிவரக் கரிய கல். உச்சியில் வெளிறிய வானம், வெள்ளித் தட்டுப்போல. அதன் விளிம்பில் ஒரு குடை. குடையின் கீழே, எட்டிப் பார்க்கும் ஒரு முகம்.

அவள் ஓடினாள். பின்வளவில் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. குடை சேற்றில் மல்லாந்து கிடந்தது.

அயலவர்கள் கயிறு கட்டி இறங்கி ஜனார்த்தனனை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. இடுப்பளவு தண்ணீர்தான். கால் முறிந்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்த தடங்கள் கன்றியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது அவர் சுமித்திராவைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"விழேல்ல நான். அவை என்னை இழுத்தவை."

கூட்டம் நடக்கவில்லை. அன்று பின்னேரமே சுமித்திரா ஒரு வரிகூடக் குறைக்காமல் அறிக்கை முழுவதையும் ஸ்லைட்டுகளாக்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். எலும்புகளை எடுத்து அடக்கம் செய்யும்வரை எந்தக் கிணற்றையும் தொடுவதில்லை என்று இரண்டாம் நாள் பதில் வந்தது. இனி கிணறுகளில் கிடப்பவர்களுக்குக் கோபம் இராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஜனார்த்தனனைப் பார்க்க வவுனியா போனாள். தன்னந்தனியாகத்தான் போனாள். மழை விட்டு வெயில் எரித்தது. ஆஸ்பத்திரி முற்றம் காய்ந்து வெளுத்திருந்தது. வார்ட்டின் வாசலில் நின்ற தாதி கையை நீட்டி மறித்தாள். அவள் பார்வை சுமித்திராவின் தோளுக்கு மேலால் போனது.

"ஒரு நோயாளிக்கு ஒராள்தான் உள்ள போகலாம், அக்கா. உங்களோட வந்த மற்ற ஆக்களை வெளியில நிக்கச் சொல்லுங்கோ. பாருங்கோ, நிலமெல்லாம் ஈரம்."

சுமித்திரா திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிலில் கிடந்த ஜனார்த்தனன் பார்த்தார். பார்த்துவிட்டு, முறியாத காலை மெல்ல மடக்கி, அவர்கள் இருப்பதற்கு இடம் விட்டார்.